விளிம்பு வெட்டாத பத்திரிகைக்காரர்

நடந்தவற்றை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முன்னால், ஸ்ரீரங்கம் கீழச் சித்திரை வீதியில் ஒருவர் தம் வீட்டு முன்னறையிலிருந்து ஒரு மாதப் பத்திரிகை நடத்தத் தொடங்கினார்.

2. அதன் விளிம்பை அவர் வெட்டமாட்டார். அச்சடித்து மடித்த தாளை மடித்தபடியே தைத்து அனுப்பிவிடுவார். படிக்க விரும்புகிறவர் கத்தியை எடுத்து மடிப்பு மடிப்பாகத் தாமே அறுத்துக்கொள்ள வேண்டும்.

3. அறுத்தார்களா என்று சந்தாதாரர்களின் வீட்டுக்கே போய்ப் பார்ப்பார்.

4. அறுக்காதவர்களிடம் மீதிச் சந்தாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பத்திரிகையை நிறுத்திவிடுவார்.

5. யுத்தம் வந்து காகிதம் அருகியதும், பாலக்கரைத் தைல வியாபாரி ஒருவர் அந்தப் பத்திரிகையைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்.

6. அதன் பிறகு திருச்சியில் அந்தப் பத்திரிகை இல்லாத சமையலறையைக் காண்பது அரிதாயிற்று.

7. யாரும் படிக்கவில்லை.

செய்தி மட்டும் வேண்டுகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். நான் எழுத உட்கார்ந்தது அந்த மனிதரைப் பற்றி.

ஐந்தாவதாகச் சொன்ன வியாபாரி என் முதலாளி. ஜியாமிதி டிராயிங், மெஷின் டிராயிங் இரண்டிலும் அரசாங்கப் பரீட்சை தேறியவள் நான். பாலங்களும் பாய்லர்களும் வரையப் போகிறேன் என்று என் அப்பா நினைத்திருந்தார். வரைந்தது கூந்தல் தைலத்து லேபிள். லேபிளில் ஒரு பெண் நிற்பாள், அவள் கூந்தல் கணுக்காலைத் தாண்டித் தரையில் புரளும். அளவுப்படி பார்த்தால் அத்தனை முடியைத் தாங்க அவளுடைய கழுத்து இன்னொரு பங்கு பருமனாக இருக்க வேண்டும். முதலாளியிடம் சொன்னேன். "கழுத்தையா விக்கிறோம்?" என்று கேட்டார்.

அந்தப் படத்தைப் பத்திரிகையின் பின்னட்டையில் போடுவதற்காக ஸ்ரீரங்கத்துக்கு எடுத்துக்கொண்டு போனபோதுதான் அவரை முதலில் பார்த்தேன். முப்பத்தைந்து வயது இருக்கும். மெலிந்த உடம்பு, எப்போதும் யாரையோ பிடிக்கப் போகிறவரைப் போன்ற பார்வை. படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"இவள் நடந்தா யார் கூட்டிப் பெருக்கறது?"

உள்ளே இருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: "அவள் நடக்கட்டும், நீங்க விளம்பரக் காசை வாங்கிக்கோங்கோ. அச்சாபீஸ்காரர் ரெண்டு தரம் வந்துட்டுப் போயிட்டார்."

அவருக்குக் காசைப் பற்றிய பேச்சுக் காதில் விழாது. விழாத மாதிரி இருப்பார் என்பதுதான் சரி. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. தாம் எழுதியதை ஒருவன் படித்தான் என்பதற்குக் கண்ணால் காணக்கூடிய சாட்சி. பாராட்டுக் கடிதத்தை நம்பமாட்டார். "முதல் பக்கத்தைப் படிச்சுட்டு நாலு வரி எழுதிடுவான்" என்பார். "பத்து வாசகன் போதும். ஆனா பத்தும் படிச்சிருக்கணும்." இதைத் தினமும் யாரிடமாவது சொல்லிவிடுவார், மாத்திரை சாப்பிடுகிற மாதிரி.

எத்தனை வீட்டில் எங்கள் விளம்பரம் கண்ணில் படுகிறது என்று பார்த்துவரச் சொல்லி முதலாளி என்னை ஒருநாள் அவருடன் அனுப்பினார். வடக்கு உத்தர வீதியில் ஒரு வக்கீல் வீட்டுக்குப் போனோம். கூடத்தில் கிராமபோன் இருந்தது. பெரிய மணிக்கூண்டைப் போல ஒரு கடிகாரம் இருந்தது. கண்ணாடி அலமாரியில் தங்க எழுத்துப் போட்ட புத்தகங்கள் ஒரே உயரத்தில் நின்றன. சாவி தொலைந்து வெகு காலமாகிறதாம், பூட்டை உடைத்தால் அலமாரியின் அழகு கெடுமாம். வக்கீலே பெருமையாகச் சொன்னார்.

"பத்திரிகை எங்கே ஓய்?" என்றார் இவர்.

"இதோ! உள்ளே படிச்சுண்டிருக்கா. அடியே, அந்தப் புஸ்தகத்தைக் கொண்டா!"

 உள்ளே ஒரு பெண்குரல் தணிந்து, "வந்துட்டார்டி, அருவாமணையை எடு" என்றது. சரக்கென்று ஒரு சத்தம் கேட்டது. பத்திரிகை வந்தது. எல்லா மடிப்புகளும் அறுந்திருந்தன.

அவர் அதைத் திருப்பி விளிம்பைப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"படிக்கிறவன் ஒவ்வொரு பக்கமா அறுப்பான். ஒரு பக்கம் கோணும், ஒரு பக்கம் கிழியும். இது ஒரே வெட்டு. வாழைக்காய்க்கு அப்புறம் என் நாவலை நறுக்கியிருக்கேள்."

வக்கீலுக்குக் கோபம் வந்தது. "சந்தா கட்டினவன் நான். படிக்கிறதும் படிக்காததும் என் இஷ்டம். எந்தக் கோர்ட்டுக்கு வேணா வாரும்!"

"வாங்கறது உம்ம இஷ்டம்தான். அனுப்பறது என் இஷ்டம்."

மீதிச் சந்தாவை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தார். வாசலில் என்னிடம், "பாத்தேளா, கிராமபோன் வாங்கினவன் பாட்டாவது கேக்கறானே. புஸ்தகம் வாங்கினவனுக்கு என்ன கேடு?" என்றார். கிராமபோன் மேலும் தூசி படிந்திருந்ததை நான் பார்த்தேன். சொல்லவில்லை. அவர் எதிரியை ஒரு விஷயத்திலாவது மதிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்படியே வீடு வீடாகப் போய்ச் சந்தாதாரர்களைக் குறைத்துக்கொண்டு வந்தார். வியாபாரத்தில் நஷ்டப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். நஷ்டத்தைத் தேடி வெயிலில் நடந்து போனவர் இவர் ஒருவர்தான்.

பத்திரிகையில் அவர் மாதாமாதம் எழுதிவந்த அந்த நாவலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதுதான் இத்தனைக்கும் காரணம். பெரிய கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடை. கடைக்கு உரியவன் சாமான் வாங்கப் பட்டணம் போகிறான். திரும்பி வரும்வரை பார்த்துக்கொள்ள அவனுடைய விதவை அண்ணி கடைக்கு வருகிறாள். முதலில் ஓரமாக நிற்கிறாள். பிறகு ஸ்டூலில் உட்காருகிறாள். பிறகு ஒருநாள் கல்லாவில் போய் உட்காருகிறாள். நடப்பது அவ்வளவுதான். ஆனால் அவள் ஸ்டூலிலிருந்து கல்லாவுக்குப் போகிற அந்த அத்தியாயத்தைப் படித்தபோது என் கைவேலை நின்றுவிட்டது. கடைசி நிமிஷத்தில் நின்ற கல்யாணம், காணாமல் போன மோதிரம், கடைசியில் உண்மையான தகப்பன் என்று மற்றப் பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. அவற்றுக்குப் பக்கத்தில் இந்த நாவல், பலகாரக் கடையில் வைத்த தண்ணீர்ச் சொம்பைப் போல இருந்தது. தாகம் உள்ளவன் அந்தக் கடைக்கு வரவேண்டுமே.

என் பிரதியை நான் டிராயிங் கத்தியால் அறுப்பேன். ஒருநாள் எங்கள் கம்பெனிக்கே வந்து, என் மேஜை முன் நின்று, "உங்க பிரதியைக் காட்டுங்கோ" என்றார். எடுத்துக் கொடுத்தேன். புரட்டியவர் பாதியில் நின்றார்.

"இதுக்கு மேல அறுக்கலையே. நேரம் இல்லையா?"

"நேரம் இருந்துச்சுங்க. அதுக்கு மேல போகல."

"என்ன போகல?"

"அந்தம்மா மட்டும் கடையில இருந்த வரைக்கும் நல்லா இருந்துச்சு. அப்புறம் நீங்களும் வந்து உட்கார்ந்துட்டீங்க."

"நான் எங்கே வந்தேன்?"

"மனுஷ வாழ்க்கையைப் பத்தி ரெண்டு பக்கம் பேசறது யாருங்க? அந்தம்மா அப்படிப் பேசமாட்டாங்க."

"அறுக்காம எப்படித் தெரிஞ்சுது?"

"மடிப்பை விரலால விரிச்சு எட்டிப் பார்த்தேன்."

"எட்டிப் பார்த்தேளா!" என்றார். நான் ஜன்னல் வழியாக அவர் வீட்டுக்குள் பார்த்துவிட்டதைப் போல அவர் முகம் சிவந்துவிட்டது. பத்திரிகையை மேஜையில் வைத்துவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார். என் பிரதி இனி வராது என்று நினைத்தேன். வந்தது. அடுத்த இதழில் அந்த அம்மா தனியாக இருந்தாள். வாழ்க்கையைப் பற்றி யாரும் பேசவில்லை. நன்றி என்று ஒரு வார்த்தை அவர் சொன்னதில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

யுத்தம் முற்றியபோது புதிய பத்திரிகை தொடங்க அனுமதி இல்லை என்று ஆயிற்று. ஏற்கெனவே வருகிறவற்றுக்குத்தான் காகிதம். படிப்பவர் இல்லாத பத்திரிகைக்கும் காகித உரிமை உண்டு என்பதை முதலில் கண்டுகொண்டவர் என் முதலாளி. வெற்றிலை பாக்குத் தட்டோடு ஸ்ரீரங்கம் போனார். படங்களோடு நானும் போனேன்.

"சாமி, நீங்க எழுதுங்க. ஒரு எழுத்தை நான் தொடமாட்டேன். எனக்கு அட்டை போதும். ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு புஸ்தகம் இனாம்."

"எத்தனை பேருக்குப் போகும்?"

"எத்தனை பேர் தலையில முடி இருக்கோ அத்தனை பேருக்கும்."

"முடி இல்லாதவாதான் முதல்ல வாங்குவா" என்றாள் அவர் வீட்டு மாமி உள்ளிருந்து.

பத்து வாசகன் போதும் என்றவரின் கண்கள் அப்போது விரிந்த விதத்தை நான் பார்த்தேன். நகைக்கடை வாசலில் நிற்கிற பெண்களின் கண்கள் அப்படி விரியும். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். விளிம்பை வெட்டக்கூடாது. வெட்டுக்கூலி மிச்சம் என்று முதலாளி உடனே தலையாட்டினார். அனுமதி, உரிமை எல்லாம் முதலாளியின் பெயருக்கு மாறின. இவருக்கு மாதச் சம்பளம். மாமி அன்றைக்கு எங்களுக்குக் காப்பி கொடுத்தாள்.

பத்திரிகை பறந்தது. இரண்டாவது மாதமே கடைக்காரர்கள், "தைலம் இருக்கட்டும், புஸ்தகம் இன்னும் கொஞ்சம் அனுப்புங்க" என்று கேட்டார்கள். அவர் அடைந்த ஆனந்தத்தை நான் மறைக்கப் போவதில்லை. தெருவில் போகிற பெண்களையெல்லாம் தம் கதாநாயகியைப் போலப் பார்த்துக்கொண்டு நடந்தார். "ஜனங்களை நான் தப்பா நினைச்சுட்டேன்" என்று என்னிடம் சொன்னார். அதுவரை அவர் சொன்னவற்றில் அது ஒன்றுதான் சுத்த அபத்தம்.

லேபிளின் நிறத்தை மாற்றலாமா என்று வாங்குகிறவர்களைக் கேட்டுவர எடமலைப்பட்டி புதூருக்குப் போனேன். அவரும் கூட வந்தார். முதல் வீட்டிலேயே பத்திரிகை இருந்தது. அடுப்புக்கு மேலே ஆணியில் தலைகீழாகத் தொங்கியது.

இதை விளக்க வேண்டும். ஒரு தாளை மூன்று தரம் மடித்து முதுகில் தைத்தால், மேல் விளிம்பிலும் பக்க விளிம்பிலும் மடிப்பு விழும். அறுக்காமல் அதைத் தலைகீழாகப் பிடித்தால் மேல் மடிப்பு அடிப்பாகமாகிவிடும். அடியும் இரண்டு பக்கமும் மூடி, வாய் மட்டும் திறந்த பைகள் கிடைக்கும். ஒன்றுக்குள் ஒன்றாக, நல்ல பைகள். அந்த வீட்டம்மா ஒரு பையில் ஊசியும் நூலும் வைத்திருந்தாள். ஒன்றில் ஹேர்பின், ஒன்றில் விரலி மஞ்சள், ஒன்றில் மண்ணெண்ணெய்க் கூப்பன், ஒன்றில் பூசணி விதை.

"ரொம்ப நல்ல புஸ்தகங்க" என்றாள். "இவருதான் எழுதறவரா? மகராசனா இருங்க. போன மாசத்துக் காகிதம்தான் கொஞ்சம் மெலிசு, சீக்கிரம் கிழிஞ்சிடுச்சு."

"படிச்சேளா?" என்றார் அவர். அந்தக் கேள்வியை அவ்வளவு மெல்லிய குரலில் அவர் கேட்டு நான் அறிந்ததில்லை.

"எனக்குப் படிக்கத் தெரியுங்க. அஞ்சாவது வரைக்கும் போயிருக்கேன். ஆனா படிக்கணும்னா அறுக்கணுமே. அறுத்தா சாமானெல்லாம் கீழ விழுந்துடாதா?"

அதில் தவறு ஒன்றும் இல்லை. அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். பக்கத்து வீட்டிலும் அப்படித்தான். அதற்கடுத்த வீட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று தொங்கின. "வெறும் பாட்டில் நாலு மிச்சம் இருக்கு, அதை என்ன பண்றதுன்னும் உள்ள எழுதியிருக்கீங்களா?" என்று அந்த வீட்டுக்காரர் கேட்டார்.

முதலாளியிடம் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கடைக்காரர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். இவர் நேரே போய், "இந்த மாசம் விளிம்பை வெட்டியே ஆகணும்" என்று சண்டை போட்டார். முதலாளி ஒரு மாதம் விட்டுக்கொடுத்தார். அந்த மாதம் உறையூரிலிருந்தும் பாலக்கரையிலிருந்தும் ஒரே புகார். "அறுந்துபோன புஸ்தகத்தை எங்க தலையில கட்டிட்டீங்க" என்று தைலத்தையே திருப்பிக் கொடுத்தார்கள். மறு மாதம் மடிப்புகள் திரும்பி வந்தன. கூடவே முதலாளி எனக்கு ஒரு வேலை கொடுத்தார்.

"ஏம்மா, தொங்கவிடறப்ப நம்ம பொம்பளை தலைகீழா நிக்கிறா. அட்டையை மட்டும் திருப்பி வெச்சுடு."

திருப்பி வரைந்தேன். ஆணி அடிக்க ஒரு துளையும் குறித்தேன். ஆணியில் தொங்கும்போது கூந்தல்காரி நேராக நின்றாள். நாவல் தலைகீழாகக் கிடந்தது.

அந்த நாவலுக்கு அப்போது ஒரே அத்தியாயம்தான் மீதி. பட்டணம் போன மைத்துனன் திரும்பி வந்து கடைவாசலில் நிற்கிறான். உள்ளே அண்ணி கல்லாவில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் எழுந்திருப்பாளா? அந்த இடத்தில் இதழ் முடிந்திருந்தது. நான் மறு மாதத்துக்குக் காத்திருந்தேன். இதழ் வந்தது. அறுத்தேன். அதே அத்தியாயம். ஒரு புள்ளி மாறவில்லை. அச்சாபீஸின் பிசகு என்று நினைத்தேன். அடுத்த மாதமும் அதே வந்தபோதுதான் புரிந்தது. வேண்டுமென்றே அதையே கொடுத்திருக்கிறார். யாராவது ஒருவர் கண்டுபிடித்து, "ஐயா, இது போன மாதம் வந்ததாயிற்றே" என்று கேட்பார் என்று காத்துக்கொண்டிருக்கிறார்.

ஸ்ரீரங்கம் போனேன். "மூணு மாசமா அதேதான் வருதுங்க" என்றேன்.

"நீங்க சொல்லுவேள்னு தெரியும். வேற யாராவது சொன்னாளா?"

"இல்லைங்க."

"அப்போ இருக்கட்டும்."

கண்டுபிடித்த இரண்டாவது ஆள் முதலாளி. அச்சுக்கோக்கிறவர் சொல்லியிருக்கிறார். இவரைக் கூப்பிட்டனுப்பினார். இவர் சண்டைக்குத் தயாராக அங்கவஸ்திரத்தை இறுக்கிக்கொண்டு வந்தார். ஏமாற்றிவிட்டாய் என்று முதலாளி கத்துவார், அப்போது சொல்லிவிடலாம் என்று ஊர் ஜனங்களைப் பற்றி ஒரு பிரசங்கமே தயாராக இருந்தது என்று நினைக்கிறேன்.

முதலாளி வருத்தத்தோடுதான் பேசினார். "என்ன சாமி இது? முதல் மாசமே சொல்லியிருக்கக் கூடாதா? கோத்த எழுத்தைக் கலைக்காம வெச்சிருப்பேனே. மூணு தரம் அச்சுக்கோக்கக் கூலி கொடுத்துட்டேன்."

 அவர் நான் வரைந்துகொண்டிருந்த கூந்தலைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு கம்பெனிக்கு வரவில்லை.

கடைசி அத்தியாயம் எனக்கு வேண்டும். ஒரு மாதம் பொறுத்துவிட்டுக் கீழச் சித்திரை வீதிக்குப் போய்க் கேட்டேன்.

"எழுதிட்டீங்களா?"

"யாருக்கு எழுதறது?"

"எனக்குத்தான். கையால எழுதிக் கொடுங்க, போதும்."

"ஒருத்தருக்காகவா?"

"அப்ப வாயாலயாவது சொல்லுங்க. அந்தம்மா எழுந்திருக்கிறாங்களா, இல்லையா?"

"எழுதினாத்தானே நேக்கே தெரியும்" என்றார்.

மாமிக்குப் பொறுக்கவில்லை. "படிக்கறவா இல்லை, இல்லைன்னு வீடு வீடாப் போய்ச் சண்டை போட்டேள். இப்போ ஒருத்தி பாலம் தாண்டி வந்து கேக்கறாள். அவளையும் துரத்தறேளே, ஏன்னா!"

அவர் பேனாவுக்கு மூடி போட்டார். அந்த விநாடியில் எனக்கு அவர்மேல் வந்த எரிச்சல், வக்கீல்மேலும் முதலாளிமேலும் வந்ததைவிட அதிகம். அவர்கள் வாசகனைத் தேடி அலைந்ததில்லை. வாசகன், வாசகன் என்று உருகிய இவருக்கு, வாசலில் வந்து நின்ற வாசகி எண்ணிக்கையில் குறைவாகத் தெரிந்தாள். புதூரில் தொங்கிய பத்திரிகைகளைப் பார்த்தபிறகும் அவருக்குக் கூட்டத்தின் ருசி விடவில்லை. படிக்காத கூட்டத்தின் ருசி.

இன்றைய நிலைமை இது. யுத்தம் முடிந்துவிட்டது, ரேஷன் முடியவில்லை. அவருக்கு ரேஷன் ஆபீஸில் வேலை கிடைத்திருக்கிறது. வீடு வீடாகப் போய், கார்டில் எழுதியிருக்கிற ஆட்கள் உண்மையாகவே இருக்கிறார்களா என்று சரிபார்க்கிற வேலை. நன்றாகச் செய்கிறார் என்று கேள்வி. பல வீடுகளில் கார்டை ஆணியில் தொங்கும் அவருடைய பத்திரிகையிலிருந்துதான் உருவி எடுத்துக் காட்டுகிறார்களாம். வாங்கிப் பார்த்துவிட்டு, அதே மடிப்பில் திரும்ப வைத்துவிடுகிறாராம். மாமி சொன்னாள்.

பத்திரிகை மாதந்தோறும் வருகிறது. கோத்த எழுத்தை முதலாளி கலைக்கவில்லை. அதே அத்தியாயத்தையே அச்சடிக்கிறார். எழுத்துத் தேய்ந்து சில வரிகள் இப்போது தெரிவதில்லை. புகார் எதுவும் வரவில்லை.

கடைசி அத்தியாயம் எழுதப்படவில்லை. மைத்துனன் கடைவாசலில் நிற்கிறான். அவள் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறாள்.